முகம் காட்டாத மகிழ்ச்சி

நுழையும்முன்

ஒருவர் சிரித்தால் மகிழ்ச்சி, அழுதால் துயரம் என்று உலகம் எளிதாகக் கணக்கிட்டுக்கொள்கிறது. அக்கணக்கிற்குள் அடங்காத முகங்களும் உண்டு. அத்தகைய முகம் உடையோரைப் பள்ளியும் சமூகமும் எவ்வாறு நடத்துகின்றன என்பதைக் குறித்த கருத்துக் கட்டுரை இது.

வடமாநில நகரம் ஒன்றில் உள்ள பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்தை மனக்கண்ணில் காண்க. இந்திய இருப்புப்பாதை வரைபடத்தை நினைவிலிருந்தே வரைந்த ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குப் பரிசு அறிவிக்கப்படுகிறது. கைதட்டல் எழுகிறது. அவன் மேடையேறுகிறான், நூலைப் பெற்றுக்கொள்கிறான், பரிசளித்தவரின் முகத்தைப் பாராமல், புன்னகை செய்யாமல் திரும்பி வருகிறான். நிழற்படம் எடுப்பவர் “சிரி, சிரி” என்று மும்முறை கேட்டும் பயனில்லை. வரிசையில் நின்ற மாணவர்கள் ‘திமிர்’ என்று முணுமுணுக்கின்றனர். ஆசிரியர் ஒருவர், ‘நன்றி தெரியாத பிள்ளை’ என்று மற்றோர் ஆசிரியரிடம் கூறுகிறார்.

அன்று மாலை வீட்டில் அவன் அந்நூலின் முதற்பக்கத்தைத் திறந்து, அதில் எழுதப்பட்டிருந்த தன் பெயரின்மேல் விரலை ஓட்டுகிறான். பின்பு எழுந்து நின்று இரு கைகளையும் பறவையின் சிறகுபோல் படபடவென அசைக்கிறான். அவ்வசைவின் பொருள் அவன் அன்னைக்குத் தெரியும். மகன் பெருமகிழ்ச்சியில் இருக்கிறான்! காலையில் அவனுக்கு மகிழ்ச்சி இல்லாமல் இல்லை. அது வெளிப்படும் இடம் முகமாக இல்லை, அவ்வளவே.

இக்காட்சி புனைந்துரைக்கப்பட்டது, ஆயினும் இத்தகைய பிள்ளைகள் உண்மையில் எங்கும் உள்ளனர். இவர்களுடைய இயல்பை மருத்துவ உலகம் ஆட்டிசம் என்று அழைக்கிறது. இது தொற்றுநோய் அன்று; வளர்ப்பின் குறையும் அன்று. மூளையின் வளர்ச்சி தொடக்கத்திலிருந்தே வேறொரு போக்கில் அமைவதால் உண்டாவது. ஆட்டிசம் உடையோர் அனைவரும் ஒருவரைப்போல் ஒருவர் இரார். ஒரு சொல்லும் பேசாதவரும் உளர். ஓய்வின்றிப் பேசுபவரும் உளர். சிலருடைய முகம் பெரும்பாலும் அசைவற்றிருக்கும். சிலர் பிறர் எதிர்பாராத வேளையில் சிரிப்பர். அச்சத்தின்போதும் சிரிப்பவர் உண்டு. ‘கண்டிக்கும்போது சிரிக்கிறான்’ என்று தண்டனையைக் கூட்டும் ஆசிரியர் இதனை அறிந்திருத்தல் நலம்.

இவ்வியல்புக்குத் தமிழில் வழங்கும் பெயர்களையும் சற்றே ஆராய வேண்டும். ‘மதியிறுக்கம்’ என்று இதழ்கள் எழுதுகின்றன. ‘புறவுலகச் சிந்தனையற்றோர்’ என்று அரசு அறிவிப்புகள் குறிப்பிடுகின்றன. முதற்சொல் அறிவையே குறை கூறுகிறது. இரண்டாம் சொல் ஒருவருடைய உள்ளத்தில் புறவுலகமே இல்லை என்று தீர்ப்பளிக்கிறது. முகத்தைப் பார்த்துவிட்டு அகத்தைப் பார்த்ததாக எண்ணிக்கொண்டோர் இட்ட பெயர்கள் இவை. ஆட்டிசம் என்னும் சொல்லும் குற்றமற்றதன்று; ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து பிறந்தது. எனினும் தமிழர் செவிக்கு அது பழிச்சொல்லாக ஒலிப்பதில்லை. நல்லதொரு தமிழ்ச்சொல் பிறக்கும்வரை அதனையே கையாள்வது தக்கது.

பெயரில் நேர்ந்த பிழை வரலாற்றிலும் நேர்ந்தது. 1943ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர், பதினொரு குழந்தைகளைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். பிறரோடு உணர்வுத் தொடர்பு கொள்ளும் ஆற்றல் இக்குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இல்லை என்பது அவர் முடிவு. அவர் கூர்ந்து நோக்குபவர்தாம். ஆனால் அவருடைய நோக்கு வெளியிலிருந்து நோக்கியதே. அடுத்த இருபது ஆண்டுகளில் பழி தாய்மார்மேல் திரும்பியது. அன்பற்ற, குளிர்ந்த தாயால்தான் குழந்தை இவ்வாறு ஆகிறது என்று மருத்துவர்கள் பலர் நம்பினர். ‘குளிர்பதனப் பெட்டித் தாய்’ என்னும் கொடிய பெயரும் வழங்கலாயிற்று. முதலில் குழந்தையின் முகத்தைத் தவறாகப் படித்தவர்கள், பின்பு களைப்பும் கவலையும் நிறைந்த தாயின் முகத்தையும் தவறாகப் படித்தனர். அக்கருத்துக்கு எதிராக வலுவான நூல் எழுதியவர் பெர்னார்டு ரிம்லண்டு என்னும் உளவியலாளர். அந்நூல் வெளிவந்த ஆண்டு 1964. ஆட்டிசம் உடைய மகனின் தந்தை அவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

உள்ளிருந்து கூறும் சான்றுகள் பின்னரே கிடைத்தன. அமெரிக்க விலங்கு அறிவியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் 1947இல் பிறந்தவர், ஆட்டிசம் உடையவர். இளமையில் தம் அத்தையின் பண்ணைக்குச் சென்றிருந்தபோது, தடுப்பூசி போடுவதற்காகக் கால்நடைகளை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் சட்டத்தைக் கண்டார். அழுத்தத்திற்குள் நின்ற மாடுகள் சில அமைதி அடைவதையும் கண்டார். அதுபோன்ற கருவி ஒன்றைத் தமக்கெனச் செய்து, தம்மை வாட்டிய பேரச்சத்தை அதனால் தணித்துக்கொண்டார். உணர்ச்சியே இல்லாதவருக்கு அச்சத்தைத் தணிக்கும் கருவி எதற்கு? பிறருடைய தழுவலைத் தாங்க இயலாத அளவுக்கு அவருடைய புலன்கள் கூர்மையாக இருந்தன. குறைவாக உணர்வதால் அன்று, மிகுதியாக உணர்வதாலேயே விலகி நிற்பவரும் உண்டு.

அண்மைக்கால ஆய்வுகளும் இதற்கு அரண் சேர்க்கின்றன. முகபாவம் பற்றிய பல ஆய்வுகளை ஒருசேரத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2018இல் வெளிவந்தது. ஆட்டிசம் உடையோர் முகத்தில் உணர்ச்சியைக் காட்டுவது எண்ணிக்கையில் குறைவு. காட்டும் நேரமும் குறைவு. எதிரில் இருப்பவர் சிரித்தால் தாமும் தன்னையறியாமல் சிரிக்கும் இயல்பும் குறைவு. ஆயினும் காட்டும்போது அதன் அழுத்தம் குறைவாக இருப்பதில்லை என்பது அத்தொகுப்பின் முடிவு. 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் சுவையானது. நகைச்சுவை கேட்டவர், பாராட்டுப் பெற்றவர், துன்பக்கதை கேட்டவர், வீணே காத்திருந்தவர் என நால்வகைச் சூழலில் இருந்தோரின் ஒளிப்பதிவுகளைப் பார்வையாளர்களுக்குக் காட்டி, யாருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டனர். ஆட்டிசம் இல்லாத அப்பார்வையாளர்கள், தம்மைப் போன்றோரின் முகங்களை ஓரளவு சரியாகக் கணித்தனர். ஆட்டிசம் உடையோரின் முகங்களிலோ அதிகம் தவறினர்.

தவறியவர் யார் என்பதை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். பிறர் மனத்தை அறியாதவர் என்று ஆட்டிசம் உடையோரைக் கூறிவந்த உலகம், அவர்கள் மனத்தை அறிவதில் தானும் தடுமாறுகிறது. டேமியன் மில்டன் என்னும் ஆங்கிலேயச் சமூகவியலாளர், தாமும் ஆட்டிசம் உடையவர், 2012ஆம் ஆண்டிலேயே இதனைத் தெளிவாக எடுத்துரைத்தார். புரியாமை ஒருவரிடம் மட்டும் இருப்பதன்று, இருவருக்கும் இடையில் இருப்பது என்பது அவர் வாதம்.

தாய்மண்ணை விட்டு அயல்மாநிலம் சென்ற தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவ்வாதம் எளிதில் விளங்கும். சென்னையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ மாற்றலாகி வந்த குடும்பத்துப் பிள்ளை, புதிய வகுப்பில் முதல் சில வாரங்கள் எவ்வாறு இருந்தது? இந்தி புரியாமல், நகைச்சுவைக்குப் பிறர் சிரித்து முடித்த பின்பு சிரித்து, அல்லது சிரிக்காமலேயே அமர்ந்திருந்தது. ‘ஆம்’ என்னும் பொருளில் தலையை இருபுறமும் மெல்ல ஆட்டியபோது, ‘இல்லை’ என்று கொண்டவர்களும் உண்டு. பெரியோரை நேருக்குநேர் நோக்குவது மரியாதையன்று என்று பாட்டி கற்பித்திருக்க, ‘கண்ணைப் பார்த்துப் பேசு’ என்று ஆசிரியர் கடிந்திருக்கக்கூடும். அப்போது அப்பிள்ளையைச் செருக்குடையது என்றோ மந்தமானது என்றோ கருதியவர்கள், அதன் வீட்டில் அது பேசும் பேச்சைக் கேட்டதில்லை. இந்த ஒப்புமைக்கு எல்லை உண்டு என்பதும் உண்மை. குடிபெயர்ந்த பிள்ளை ஈராண்டில் இந்தி கற்றுவிடும். வீடு திரும்பினால் தன்னைப் போன்ற முகங்களைக் காணும். ஆட்டிசம் உடைய பிள்ளைக்கு அந்த வீடு பலவேளைகளில் சொந்த வீட்டிலும் கிடைப்பதில்லை.

தமிழ் மரபு முகக்குறிப்புக்குப் பெருமதிப்பு அளித்தது. தன்னை அடுத்துள்ள பொருளின் நிறத்தைக் காட்டும் பளிங்கோடு முகத்தை ஒப்பிட்டவர் வள்ளுவர். எல்லா முகங்களும் பளிங்காக அமைவதில்லை என்று இன்று கூற வேண்டியுள்ளது. எனினும் அவ்வதிகாரத்தின் பெயரைக் கவனிக்க: ‘குறிப்பறிதல்’. பொருட்பாலில் ஒன்று, இன்பத்துப்பாலில் ஒன்று என இரண்டு அதிகாரங்களுக்கு அவர் அப்பெயரையே சூட்டினார்.  திறமை வேண்டப்படுவது காண்பவரிடம். தொல்காப்பியரோ எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறிய மெய்ப்பாட்டியலை முடிக்கும்போது, கண்ணாலும் செவியாலும் நன்கு உணரவல்லோர்க்கு அல்லாமல் பிறர்க்கு அவற்றின் பொருள் எட்டாது என்கிறார். அவர் கண்ணோடு நிற்கவில்லை, செவியையும் சேர்த்தார். வழிபாட்டுக் கூட்டத்தில் நின்ற எவரும் அம்மாணவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மறுப்புரை ஒன்று எழக்கூடும். ‘உலகம் இவர்களுக்காக மாறாது. நாளை நேர்முகத் தேர்வில் சிரிக்காதவனுக்கு வேலை கிடைக்குமா? ஆகவே சிரிக்கப் பழக்குவதே நன்மை’ என்பர். பெற்றோர் பலர் கூறும் இவ்வுரையில் அன்பும் அச்சமும் கலந்துள்ளன. இதனை எள்ளி நகையாடுவது முறையன்று. பரதம் பயிலும் மாணவி, கண்ணாடியின் முன் நின்று முகபாவத்தைப் பழகுவதில்லையா என்றும் கேட்கலாம். பழகுகிறாள், ஆனால் ஆட்டம் முடிந்ததும் ஒப்பனையைக் கலைத்துவிட்டு இளைப்பாறுகிறாள். ஆட்டிசம் உடைய பிள்ளையை நாள் முழுவதும் மேடையிலேயே நிறுத்தினால் என்ன ஆகும்? எப்போது சிரிக்க வேண்டும், எவ்வளவு நேரம் கண்ணை நோக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டே இருக்கும் மனத்தில் பாடம் ஏறுமா? இவ்வாறு தம் இயல்பை மறைத்து வாழ்ந்த பெரியவர்கள், அதனால் நேர்ந்த களைப்பையும் மனச்சோர்வையும் எழுதியும் பேசியும் வருகின்றனர். தாமே விரும்பிக் கற்போர் கற்கட்டும். நட்புக்கும் மரியாதைக்கும் கட்டணமாகப் புன்னகையைக் கேட்பது நேர்மையன்று.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் ஆட்டிசமும் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகள் கிடைக்கின்றன. அவை வேண்டியவையே. ஆனால் இடைவேளையில் அருகில் யார் அமர்வர் என்பதைச் சட்டம் வகுக்க இயலாது. அதை வகுப்பவர்கள் உடன் பயிலும் மாணவர்கள்.

அவர்கள் செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. முகத்தைப் பார்த்து ஊகிப்பதற்கு மாறாக, “உனக்கு இது பிடித்ததா?” என்று நேராகக் கேட்கலாம், விடை வரச் சற்றுக் காத்திருக்கலாம். அந்தச் சிறு பொழுதைப் பொறுக்காமல் அடுத்த வினாவை வீசுவதே பெரும்பாலும் நிகழ்கிறது. தன் நிலையைப் பேச்சில் கூற இயலாதவருக்கு எழுத்தோ படமோ வண்ண அட்டையோ உதவும். பச்சை அட்டை மேசைமேல் இருந்தால் நலம், சிவப்பு இருந்தால் தனிமை வேண்டும் என்று வகுப்பே உடன்படிக்கை செய்துகொள்ளலாம். ஆட்டிசம் உடையோருள் தம் உணர்ச்சி இன்னதென்று தமக்கே பெயரிட இயலாமல் தவிப்போர் பலர் உளர். அவர்களிடம் ‘எப்படி இருக்கிறாய்?’ என்பதைவிட, ‘வயிறு இறுகுகிறதா? ஒலி மிகுதியாக இருக்கிறதா?’ என்று கேட்பது பயன் தரும். கைகளைப் படபடவென அசைத்தால், ‘கையைக் கட்டு’ என்று அதட்டுதல் கூடாது. ஒரு குழந்தையின் சிரிப்பை வாய்பொத்தி நிறுத்துவதற்கு அது நிகராகும்.

ஆசிரியருக்கும் ஒரு கடமை உண்டு. ஆண்டிறுதி மதிப்பீட்டுத் தாளில் ‘வகுப்பில் ஆர்வம் காட்டுவதில்லை’ என்று ஒற்றை வரியை எழுதும்முன், அவர் அம்மாணவனை அருகில் அமர்த்தி, கண்ணை நோக்கும்படி வற்புறுத்தாமல், இருப்புப்பாதை வரைபடத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லிக் கேட்க வேண்டும்.