நங்கூரம் கிழித்ததற்கு வெப்பம் பொறுப்பல்ல

கரீபியக் கடலில் உள்ள பொனேர் தீவில், கடல் பூங்காவில் இறங்கும் வெளியூர்ப் பயணிகள் இயற்கைக் கட்டணம் செலுத்த வேண்டும். கடல் சூடேறிப் பவளம் வெளிறும் காலத்தில் இந்தப் பணம் எதைக் காப்பாற்றும், இது வெறும் வரிதானே என்கிறார்கள் சிலர். அந்தத் தீவின் அனுபவமே இந்த வாதத்துக்குப் பதில். 1979இல் தொடங்கிய பூங்கா நன்கொடையை நம்பியிருந்தது. பணம் வற்றியதும் கண்காணிப்பு ஓய்ந்து, பூங்கா பெயரளவில் மட்டுமே நின்றது. 1992இல் முக்குளிப்போரிடம் தலைக்கு 10 டாலர் வசூலிக்கத் தொடங்கிய பிறகுதான் ரோந்தும் காவலர்களும் நிலைபெற்றன.

வெப்பத்தைக் கட்டணம் தடுக்காது என்பது உண்மை. ஆனால் பவளத்தைக் கொல்வது வெப்பம் மட்டுமல்ல. நங்கூரம் இறங்கும் இடத்தில் சங்கிலி அலையோடு முன்னும் பின்னும் இழுபட்டு, மான்கொம்புப் பவளத்தின் கிளைகளை ஒடித்துக்கொண்டே போகும். பாறைபோல் திரண்ட பவளமோ ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு பிற்பகலில் உடைந்தது ஒரு தலைமுறையில்கூட மீளாது. பொனேரில் முக்குளிப்புப் படகுகள் நங்கூரமிடுவதில்லை, நிலையான மிதவைகளில் கட்டப்படுகின்றன. உப்புநீரில் அவற்றின் கயிறு தேயும், பாசி பிடிக்கும், மாற்றியாக வேண்டும். அதற்குப் பணம் வேண்டும்.

பவளத்துக்கு இன்னொரு கேடு கழிவுநீர். சுண்ணாம்புப் பாறை வழியாகக் கடலுக்குக் கசியும் அதைத் தடுப்பது அரசின் கடமை. அந்தப் பொறுப்பைப் பயணியின் கட்டணத்தின் மேல் சுமத்தவும் முடியாது, அதைக் காட்டிக் கட்டணத்தை வீண் என்று தள்ளவும் முடியாது.