நாய்க்கு நீதி கேட்டால் நம் எண் எதற்கு?

"வாயில்லா ஜீவனை வதைக்கிறார்கள்! கையொப்பமிடுங்கள்!" என்று கைப்பேசியில் ஒரு மனு வருகிறது. மாநகர மாளிகைவாசிக்கும் வருகிறது. வெம்பக்கோட்டையிலே பட்டாசுக்குத் திரி சொருகும் தங்கைக்கும் வருகிறது. இரக்கம் இருவருக்கும் உண்டு. தட்டுகிறார்கள். உடனே கேட்பதென்ன? பெயர்! மின்னஞ்சல்! கைப்பேசி எண்! ஊர்! வதைத்தவன் யார் என்பதல்ல கேள்வி, தோழர்களே, இரங்கிய நீ யார் என்பதே கேள்வி!

மனுப்போடுவோரைக் கேலி பேசும் கூட்டமல்ல நாம். 2016-இல் சென்னையிலே மாடியிலிருந்து ஒரு நாய் வீசியெறியப்பட்டது. வழக்கில் சிக்கியவர்களோ மருத்துவ மாணவர்கள்! உயிர் காக்கப் படிக்கச் சென்றவர்கள்! நாடு பதறிற்று. சட்டத்தைப் புரட்டினார்கள். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் முதற் குற்றத்துக்கு எழுதிவைத்திருந்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! கொன்றாலும் முடமாக்கினாலும் தண்டனைச் சட்டத்திலே தனிப் பிரிவு உண்டு. வெறும் அடியும் உதையும் என்றால் அந்த ஐம்பதோடு சரி. இதை மாற்றுக என மனுக்கள் எழுந்தன. 2022-இல் மத்திய அரசு திருத்த வரைவொன்றை வெளியிட்டது. ஆகவே, குரல் கொடுப்பது வீணல்ல.

ஆனால், குரல் கொடுத்தவனின் குறிப்பேடு யார் கையில்? நாய்க்காக எழுதிய பெயர், நாளை நன்கொடை கேட்போர் பட்டியலிலே நிற்கலாம். வேறெவரிடமோ விலைக்கும் போகலாம். தனி வாழ்வின் மறைவு அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்டு 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் தனிநபர் தரவுச் சட்டம் வந்தது. விவரங்களைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம்! நாயை அடித்தால் ஐம்பது. நம் விவரத்தைச் சிந்தினால் இருநூற்றைம்பது கோடி! வேடிக்கைதான். அந்தக் கோடிக்கும் அவசரமில்லை. 2025 நவம்பரில் விதிகளை வெளியிட்டபோது, முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தந்தார்கள்.

மாளிகைவாசிக்கு இது தொல்லை. தங்கைக்கோ பிழைப்பு! ஓசை வெடியால் நாயும் பறவையும் நடுங்குகின்றன என்றொரு மனு வருகிறதென்று வையுங்கள். வெடியின் கொடுமையை அவளுக்கு யார் சொல்லித் தரவேண்டும்? 2024 பிப்ரவரி 17-இல் வெம்பக்கோட்டை அருகே ராமுதேவன்பட்டியில் ஆலை வெடித்துப் பத்துப் பேர் மாண்டார்களே, அந்த மண்ணின் மகள் அவள்! பெயரைப் போடுகிறாள். பட்டியல் பலர் பார்க்கக் கிடக்கிறது. போர்மேன் கண்ணில் பட்டால்? மறுநாள் வேலைக்கு வா என்பானா? கருணை காட்டியதற்குக் கூலி பட்டினியா?

சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியைப் பாருங்கள். வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர் அது. எண்ணும் முகவரியும் வாங்கிக்கொண்டா அந்தக் கருணையை வளர்த்தார்கள்?

மனுவுக்குக் கணக்கு வேண்டும், ஒப்புகிறோம். பிரிட்டன் பாராளுமன்றத்தின் மனுத்தளத்திலே பத்தாயிரம் கையொப்பம் சேர்ந்தால் அரசு பதில் சொல்கிறது. இலட்சம் சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிக்கிறார்கள். ஊருக்குத் தெரிவது மனுவைத் தொடங்கியவர் பெயர் மட்டுமே. ஒப்பமிட்டோர் எண்ணிக்கையாகவே நிற்கிறார்கள். இங்கே தனியார் தளத்தில் கோடிப்பேர் ஒப்பமிட்டாலும் பதில் சொல்லியாக வேண்டுமென்ற கட்டாயம் எவருக்குமில்லை!

மனு நடத்தும் நண்பர்களே, கைப்பேசி எண்ணைக் கேட்காதீர்கள். பெயரை மறைக்கும் வசதியைத் தமிழிலே, முதல் வரியிலே வையுங்கள். மனு முடிந்தபின் ஏட்டை எந்தத் தேதியில் அழிப்பீர்கள்? அதையும் அங்கேயே எழுதுங்கள். தங்கை படித்துவிட்டு ஒப்பமிடட்டும்.