பாட்டியின் கைமணமும் பாட்டியின் தட்டும்

கல்யாண வீட்டுப் பந்தியில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. ஐம்பதைத் தாண்டிய ஒருவர் பாயசம் வரும்போது இலையைக் கையால் மறைப்பார். "என்ன, சுகரா?" என்பார் பக்கத்து இலைக்காரர். "ஆமா, பத்து வருசமாச்சு" என்று பதில் வரும். உடனே மூன்றாவது இலையிலிருந்து ஒரு குரல்: "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் கம்பங்கூழும் கேப்பைக்களியும் சாப்பிட்டுக் கல்லு மாதிரி இருந்தாரு. ஒரு மாத்திரை போட்டதில்ல!" வரிசை முழுக்கத் தலையாட்டும். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் முடியும்: "இப்ப இருக்கிற பொம்பளைங்க எங்க அம்மியில அரைக்கிறாங்க?"

தாத்தாவில் ஆரம்பித்த பேச்சு எப்படி மருமகளிடம் வந்து முடிந்தது? குடும்பத்தின் ஆரோக்கியம், உடம்பைப் பற்றிய எண்ணம், பழைய நாட்களின் மேல் உள்ள ஏக்கம் மூன்றும் இந்த இடத்தில்தான் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. சமூகவியல் படிப்பவர்கள் நூலகத்துக்குப் போகுமுன் பந்தியில் உட்காரலாம்.

பேச்சில் உள்ள உண்மை

பெரியவர்கள் சொல்வது முழுப்பொய் இல்லை. 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். நோயின் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2015-16ல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். 2019-21ல் அது 40.4 சதவீதம். ஆண்கள் 28.2லிருந்து 37க்குப் போய்விட்டார்கள். நாலைந்து வருடத்தில் இவ்வளவு மாற்றம்!

காரணங்களும் தெரிந்தவைதான். வயலில் குனிந்து நிமிர்ந்த உடம்பு இன்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. கம்பும் சோளமும் இருந்த தட்டில் மூன்று வேளையும் அரிசி. ஆக, ஏதோ ஒன்று கெட்டுப்போனது நிஜம். ஆனால் அதற்கு முன்பு எல்லாம் நன்றாக இருந்ததா?

தொண்ணூறு வயதுத் தாத்தாவின் தம்பிகள்

1951 வாக்கில் இந்தியாவில் பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் 32 வருடம்தான். இதைப் படித்துவிட்டு எல்லோரும் முப்பத்திரண்டில் செத்துப்போனார்கள் என்று நினைக்கக் கூடாது. சின்ன வயதிலேயே ஏராளமான குழந்தைகள் போய்விட்டதால் சராசரி அப்படி விழுந்தது. தப்பிப் பிழைத்தவர்களில் சிலர் எண்பது, தொண்ணூறு வரை இருந்தார்கள். 1971ல்கூடத் தமிழ்நாட்டில் பிறந்த 1000 குழந்தைகளில் 113 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020ல் அந்த எண்ணிக்கை 13.

"பெத்தது எட்டு, தங்கினது நாலு" என்று பழைய பெண்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். அந்த நாலில் ஒருவர்தான் கல்லு மாதிரி இருந்த தாத்தா. தங்காமல் போன நாலு பேரும் அதே கூழைக் குடித்த வீட்டில் பிறந்தவர்கள்தான். அவர்களுக்குப் போட்டோ கிடையாது, கதை கிடையாது, பந்தியில் பேர் சொல்ல ஆளும் கிடையாது.

குப்பம்மாள், பிச்சைமுத்து என்ற பெயர்களை இன்றைய பிள்ளைகள் கேட்டுச் சிரிக்கிறார்கள். முன்னால் பிறந்ததெல்லாம் தங்காமல் போன வீட்டில், பிறந்த குழந்தையைக் குப்பையில் உருட்டி எடுத்தோ, பிச்சையாக வாங்கியதாகப் பாவித்தோ பெயர் வைப்பார்கள். மதிப்பில்லாத பெயராக இருந்தால் சாவு கண் வைக்காது என்று நம்பிக்கை. அந்தக் காலத்தின் ஆரோக்கிய நிலையைத் தெரிந்துகொள்ள அந்தப் பெயர்களே போதும்.

ஏக்கமும் ஒரு வியாதிதான்!

"நாஸ்டால்ஜியா" என்ற வார்த்தையே மருத்துவத்திலிருந்து வந்தது என்பது வேடிக்கையான விஷயம். 1688ல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரை விட்டு வெளியே இருந்த சுவிட்சர்லாந்துக்காரர்கள் வீட்டு நினைப்பில் வாடுவதை ஒரு நோய் என்று எழுதினார். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்குப் பெயரும் வைத்தார். பிறகுதான் அது இடத்தின் மேல் உள்ள ஏக்கம் என்பதிலிருந்து காலத்தின் மேல் உள்ள ஏக்கமாக மாறியது.

1979ல் ஃப்ரெட் டேவிஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். ஏக்கத்தை அவர் மூன்று படியாகப் பார்க்கிறார். முதல் படியில், அன்று எல்லாம் நன்றாக இருந்தது என்று மட்டும் நினைப்பு. இரண்டாம் படியில், நிஜமாகவே அப்படி இருந்ததா என்று கேள்வி. மூன்றாம் படியில், இந்த ஏக்கம் இப்போது ஏன் வருகிறது என்று யோசனை. பந்திப் பேச்சு முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறது. இன்ஸ்டாகிராமில் மண்சட்டிக் குழம்பு வீடியோவும் அப்படித்தான். ஏக்கப்படுவது தப்பில்லை. அந்த ஏக்கத்தை வைத்தே மருந்துச் சீட்டு எழுதுவதுதான் சிக்கல்.

கடைசியில் சாப்பிட்டவள்

பாட்டி சமைத்ததைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். பாட்டி என்ன சாப்பிட்டாள் என்று எழுதியவர்கள் குறைவு. தாத்தா, பிள்ளைகள், விருந்தாளி எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சட்டியின் அடியில் இருப்பதை வழித்துப் போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்தவள் அவள். கறிக்குழம்பு வைத்த அன்றைக்குக் கறி தீர்ந்து குழம்பு மட்டும் மிஞ்சும். "எனக்குக் கறி பிடிக்காது" என்று அவள் சொன்னதை வீடே நம்பியது.

இது வீட்டுக்குள் நடந்த சின்ன விஷயம் என்று ஆய்வாளர்கள் விட்டுவிடவில்லை. இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வில் (2004-05, 2011-12) வீட்டில் ஆண்கள் முதலில் சாப்பிடுகிறார்களா, பெண்களா, அல்லது சேர்ந்தா என்று ஒரு கேள்வியே இருக்கிறது. தட்டின் வரிசை தெரிந்தால் வீட்டின் அதிகாரமும் தெரியும், சத்து யாருக்குப் போகிறது என்பதும் தெரியும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 கணக்கு. அதே கணக்கில்தான் 40 சதவீதம் பெண்களுக்கு எடை அதிகம் என்றும் பார்த்தோம். வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை.

இன்னொரு ஆய்வு இதைவிட யோசிக்க வைக்கிறது. புனே அருகே ஆறு கிராமங்களில் 1993ல் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் கர்ப்பிணிகளைப் பின்தொடர ஆரம்பித்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகள் சுமார் 3.5 கிலோ. இந்தியக் குழந்தையிடம் சதை குறைவு, ஆனால் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு! இப்படிப்பட்ட உடம்பு பின்னாளில் வயிறு நிறையச் சாப்பிட ஆரம்பிக்கும்போது சர்க்கரை நோய்க்கு எளிதாக ஆளாகிறது என்பது அவர்கள் முன்வைக்கும் கருத்து. வேர் தாயின் சத்துக்குறைவில் இருக்கிறது என்கிறார்கள்.

எல்லோருடைய சுகருக்கும் இது ஒன்றே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துச் சாப்பாடு போனதால் வியாதி வந்தது என்று பந்தியில் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் கடைசியாகச் சாப்பிட்டவளின் பட்டினியும் பேரன் உடம்பு வரை வந்திருக்கலாம் என்பதை யாரும் சொல்வதில்லை.

வத்தலும் பூசினாற்போலவும்

உடம்பைப் பற்றிய பேச்சும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பஞ்சம் பார்த்த தலைமுறைக்குத் தொப்பை வசதியின் அடையாளம். "பூசினாற்போல இருக்கா" என்றால் பாராட்டு, "வத்தலாட்டம் இருக்கா" என்றால் வீட்டில் சரியாகப் போடவில்லை என்று அர்த்தம். இன்று அதே வாய், பெண் பார்க்கும்போது "ஒல்லியா இருக்கணும்" என்கிறது. பிள்ளை பெற்று ஆறு மாதத்தில் "என்ன இப்படி ஊதிட்டே?" என்றும் கேட்கிறது. பையனின் தொப்பையை மட்டும் "கல்யாணம் ஆனா வர்றதுதானே" என்று மன்னித்துவிடுகிறது!

எது நல்ல உடம்பு, எது நல்ல சாப்பாடு என்பதை வர்க்கமும் தீர்மானிக்கிறது என்று பிரான்சின் பியர் பூர்தியூ 1979லேயே எழுதினார். இங்கே அதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். கரிசல் காட்டில் நெல்லுச்சோறு என்பது தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் என்றிருந்த வீடுகள் ஏராளம். கம்பும் கேழ்வரகும் ஏழை வீட்டுச் சோறு. அரிசி கிடைத்ததும் அந்தக் குடும்பங்கள் அதைக் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டன. 2011லிருந்து ரேஷனில் அரிசி இலவசமாகவே வருகிறது. 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இன்று சூப்பர் மார்க்கெட்டில் கம்பு அழகான பையில், அரிசியைவிட அதிக விலையில் இருக்கிறது. கம்பைச் சாப்பிட்டதற்காகக் கேலி செய்யப்பட்டவரின் பேரன் அதை வாங்கக் கணக்குப் பார்க்கிறான்.

அம்மியை யார் அரைப்பது?

ஏக்கம் மருந்தாகும்போது அதன் கூலியை யாரோ கொடுக்க வேண்டும். அம்மி, ஆட்டுக்கல், உரல், விறகடுப்பு... இவற்றோடு போனது ருசி மட்டும் இல்லை. புகையும் இருமலும் இடுப்புவலியும் கொஞ்சம் போயின. 2011ல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர் கொடுத்தபோது கேலி செய்தவர்களில் எத்தனை பேர் ஒரு நாளாவது இட்லிக்கு மாவு ஆட்டியிருப்பார்கள்?

2019ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளைக்கு அதற்காகச் செலவழிப்பது சராசரியாக 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டு! கை வைப்பவர்களே நாலில் ஒருவர்தான். இந்த நிலையில் "பழைய முறைக்குத் திரும்புவோம்" என்றால் அந்த 299 நிமிடத்தோடு இன்னும் ஒரு மணி நேரத்தைச் சேர்ப்பதுதான். அப்படிச் செய்தும் வீட்டில் ஒருவருக்குச் சுகர் வந்துவிட்டால், பழி சமைத்தவள் தலையில்.

இதனால் கம்பங்கூழ் வேண்டாம் என்று அர்த்தமில்லை. கூழ் நல்லது, கீரை நல்லது, நடப்பது நல்லது. அவற்றைத் தாராளமாகத் திரும்பக் கொண்டுவரலாம். கூடவே அந்த வீட்டின் பந்தி வரிசையையும் கொண்டுவரக் கூடாது, அவ்வளவுதான். கூழ் நல்லது என்று தெரிந்த மகன் கூழ் காய்ச்சக் கற்றுக்கொள்ளட்டும். சமைத்தவள் மற்றவர்களோடு சேர்ந்து உட்காரட்டும். எண்ணெய் மரச்செக்கா, மில்லா என்று விசாரிப்பவர்கள், வீட்டுப் பெண்ணின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்றும் ஒரு தடவை விசாரிக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தச் சோதனைக்குக் காசு வாங்குவதில்லை.

அடுத்த முறை பந்தியில் யாராவது தொண்ணூறு வயதுத் தாத்தாவை எடுத்தால், மறுத்துப் பேசிச் சண்டை போட வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "பாட்டி எத்தனை வயசு வரைக்கும் இருந்தாங்க? அவங்க எத்தனை மணிக்குச் சாப்பிட்டாங்க?"

பெரும்பாலும் பதில் தெரிந்திருக்காது.