ரகசிய ஸ்கேன்: ஊருக்கே தெரிகிறது... புகார் மட்டும் போவதில்லை, ஏன்?

தர்மபுரி:

கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்று பார்த்துச் சொல்வது குற்றம். எல்லா ஸ்கேன் சென்டர்களிலும் இதை போர்டில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். ஆனால் இந்த வேலை இப்போது பெரும்பாலும் போர்டே இல்லாத இடத்தில்தான் நடக்கிறது.

2022-ல் தர்மபுரி மாவட்டத்தில் இப்படி ஸ்கேன் பார்த்த கும்பல் பிடிபட்டது. 2023 நவம்பரில் பக்கத்து கர்நாடகாவில், மண்டியா அருகே வெல்லம் காய்ச்சும் ஆலைக்குள்ளேயே ஸ்கேன் மெஷின் வைத்து நடத்தியது அம்பலமானது. மெஷின் சிறியதாகி விட்டது. காரில் வைத்து எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம். அதிகாரிகள் சென்டர் சென்டராக ரெய்டு போனாலும் இது சிக்காது. அக்கம்பக்கத்துக்காரர் கண்ணில்தான் படும்.

2011 கணக்கெடுப்பில், 6 வயது வரை உள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு தமிழ்நாட்டில் 943 பெண் குழந்தைகள் இருந்தார்கள். தர்மபுரியில் 913, அரியலூரில் 897, கடலூரில் 896.

யாரிடம் சொல்வது?

இங்கேதான் பலர் குழம்பிப் போகிறார்கள். போலீசுக்குப் போனால் போதும் என்று நினைக்கிறார்கள். 1994-ம் ஆண்டு சட்டப்படி, இந்த வழக்கை கோர்ட்டு விசாரணைக்கு எடுக்க வேண்டுமானால் அதற்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரி புகார் செய்ய வேண்டும். மாவட்டத்தில் அந்த அதிகாரி, மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குனர். உள்ளே புகுந்து சோதனை போட, மெஷினைப் பறிமுதல் செய்ய அவருக்கு அதிகாரம் உண்டு.

அவர் கண்டுகொள்ளாவிட்டால்? கோர்ட்டுக்குப் போகப் போகிறேன் என்று அவருக்கு 15 நாள் நோட்டீஸ் கொடுத்து விட்டு, சாதாரண ஆளே நேரடியாக கோர்ட்டில் புகார் செய்யலாம். இந்த விஷயம் பலருக்குத் தெரியாது.

பெண்ணை மாட்டி விடுகிறோமா?

'பாவம், அந்தப் பொண்ணு ஜெயிலுக்குப் போயிடுமே' என்ற பயத்திலும் பலர் வாயைத் திறப்பதில்லை. சட்டம் அப்படி இல்லை. கணவனோ உறவினரோ கட்டாயப்படுத்தித்தான் கர்ப்பிணி வந்தார் என்றே கோர்ட்டு முதலில் எடுத்துக் கொள்ளும். இல்லை என்றால் எதிர்த்தரப்புதான் நிரூபிக்க வேண்டும். கட்டாயப்படுத்தப்பட்ட பெண்ணுக்கு தண்டனை கிடையாது. ஸ்கேன் பார்த்தவருக்கும், ஆணா பெண்ணா என்று பார்க்கச் சொல்லி அழைத்துப் போனவருக்கும் முதல் தடவையே 3 ஆண்டு வரை சிறை. ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். வாயால் சொல்லாமல் சைகையில் காட்டினாலும் குற்றம்தான்.

புகாரில் இடம், நாள், நேரம், வண்டி நம்பர், புரோக்கர் யார் என்று தெரிந்ததை எழுதினால் போதும். நாமே உள்ளே போய் வேவு பார்க்கத் தேவையில்லை.

ஆனால் ஒன்று. சொன்னவரும் அதே தெருவில்தான் குடியிருக்க வேண்டும். அவர் பெயர் வெளியே கசிந்தால் அடுத்த ஆள் வாயே திறக்க மாட்டார். ராஜஸ்தான், அரியானாவில் துப்பு கொடுப்பவருக்கு சன்மானமே கொடுக்கிறார்கள். இங்கே முதலில் பெயரை ரகசியமாகக் காப்பாற்றினாலே பெரிய விஷயம். 'குற்றம்' என்று எழுதிய போர்டிலேயே புகார் செய்யும் போன் நம்பரையும் பெரிய எழுத்தில் போடட்டும். ஊருக்குத் தெரிந்த ரகசியம் அதிகாரிக்கும் தெரிய வரும்.