லாபம் கம்பெனிக்கு, காவல் யார் செலவில்?

கொத்மலை உறவுகளே, பதிவு கொஞ்சம் நீளம். முழுதாக வாசித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

நம்ம வட்ஸ்அப் குழுக்களில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. டவுனில் உள்ள சுப்பர் மார்க்கெட்டுகளில் களவு கூடிவிட்டதாம். பண்டிகைக் காலத்தில் வாசலில் பொலிஸ் நிற்க வேண்டுமாம். சிவில் பாதுகாப்புக் குழுவில் உள்ள நம் இளைஞர்களும் முறை வைத்துப் போய்ப் பார்த்துக்கொண்டால் ஊருக்கு நல்ல பெயராம். சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் நாங்கள் இதை எதிர்க்கிறோம். ஏன் என்று சொல்கிறோம்.

முதலில் ஒன்று. களவு களவுதான். பெரிய கம்பெனி, அதற்கு என்ன குறையப்போகிறது என்று சொல்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு நாங்கள் அப்படிச் சொல்லிக்கொடுக்கவும் மாட்டோம். எடுத்தவர் பிடிபட்டால் சட்டப்படி நடக்கட்டும். எங்கள் கேள்வி வேறு. களவைத் தடுக்கிற செலவு யாருடையது?

நம்ம ஊர் சில்லறைக் கடையை எடுத்துக்கொள்வோம். பால்மா பக்கெட் முதலாளியின் முதுகுக்குப் பின்னால் றாக்கையில் இருக்கும். நாம் கேட்க வேண்டும், அவர் எடுத்துத் தர வேண்டும். கடை நெரிசலானால் கையுதவிக்கு ஒரு பையனை வைப்பார். அந்தச் சம்பளம் அவருடைய செலவு. இரவில் பூட்டுப் போடுவதும் அவர் செலவு. எந்த முதலாளியாவது, 'என் கடை வாசலில் ஒரு கொன்ஸ்டபிளை நிறுத்துங்கள்' என்று பொலிஸ் நிலையத்துக்குப் போனதுண்டா? போனால் சிரிப்பார்கள்.

சுப்பர் மார்க்கெட் வேறு மாதிரி. 1983இல் கொழும்பு ஸ்டேப்பிள் வீதியில் முதலாவது ஃபுட் சிட்டி திறந்த காலத்திலிருந்து இந்த நாடு அதைப் பழகிவிட்டது. சாமான் எல்லாம் திறந்த றாக்கையில். நாமே எடுக்கிறோம், நாமே கூடையில் போட்டுச் சுமக்கிறோம். பத்துப் பேர் செய்ய வேண்டிய வேலையை மூன்று பேர் செய்கிறார்கள். பருப்பு வாங்கப் போனவர் பிஸ்கட்டும் ஷாம்புவும் சேர்த்து வாங்கிக்கொண்டு வருகிறார். திறந்த றாக்கையின் லாபம் அது. கைக்கெட்டும் தூரத்தில் சாமான் இருந்தால் சிலர் காசு கொடுக்காமலும் எடுப்பார்கள். அதே றாக்கையின் நட்டம் அது. இரண்டையும் கணக்குப் பார்த்துத்தான் கம்பெனி கடை திறக்கிறது.

ஆதாயம் யாருக்கோ பொறுப்பும் அவருக்கே என்பது இஸ்லாமிய வியாபாரச் சட்டத்தில் பழைய விதி. இதற்கு மார்க்கம் படித்திருக்கவும் தேவையில்லை. எந்த ஊர் முதலாளியைக் கேட்டாலும் சொல்வார்.

இப்போது அந்த நட்டம் யார் தலையில் போய் விழுகிறது என்று பாருங்கள்.

முதலாவது, அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகள். உயர்தரம் முடித்துவிட்டு கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன், நுவரெலியா என்று இப்படியான கடைகளில் நிற்கும் தோட்டத்துப் பிள்ளைகளும் கிராமத்துப் பிள்ளைகளும் எத்தனை பேர்! எங்களிடம் படித்த சிலர் சொன்னதைக் கேட்டோம். மாத முடிவில் சரக்குக் கணக்கு குறைந்தால், அந்தப் பகுதியில் நின்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்று கேட்கும் இடங்கள் இருக்கின்றன. எந்தக் கடை என்று இங்கே எழுதமாட்டோம். அந்தப் பிள்ளைகளின் வேலை போய்விடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2026 ஜனவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். 25 நாள் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1,200. யாரோ ஒருவர் ஒரு பால்மா பக்கெட்டை எடுத்துக்கொண்டு போனால், இந்தப் பிள்ளையின் ஏறக்குறைய ஒரு நாள் உழைப்பு போகிறது.

மலையகத்துக்கு இது புதிதா? நம் பாட்டன்மார் காலத்தில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. கங்காணியின் ஆட்கள் எல்லோருடைய கடனும் ஒரு துண்டில் ஏறும். செத்தவன் கடனும், தோட்டத்தை விட்டு ஓடிப்போனவன் கடனும், மிஞ்சி நிற்பவர்கள் தலையில் விழும். 1921இல் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். நூறு வருடம் கழிந்து, குளிரூட்டிய கடைக்குள், கழுத்தில் அட்டை தொங்கும் பிள்ளைக்கு அதே துண்டா? எடுத்தவன் ஓடிவிட்டான், நின்றவள் கட்ட வேண்டும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இரண்டாவது, கடைக்கு வரும் மனிதர்களின் மானம். 2023 ஒக்டோபரில் பொரலஸ்கமுவையில் நடந்தது நினைவிருக்கும். சுப்பர் மார்க்கெட் ஒன்றில் சாமான் எடுத்ததாக ஒரு பெண்ணைப் பிடித்து ஊழியர்கள் அடிக்கும் வீடியோ நாடு முழுக்கப் பரவியது. அதற்கு முந்தைய வருடம் செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பொருள் விலை ஒரு வருடத்தில் 94.9 வீதம் ஏறியிருந்தது. அந்த விலை களவை நியாயமாக்காது. ஆனால் அந்த அடிக்கு எந்த நியாயமும் இல்லை. பிறகு என்ன நடந்தது? ஊழியர்கள் ஏழு பேர் கைதானார்கள். அவர்கள் செய்தது குற்றம், மறுக்கவில்லை. ஆனால் யோசியுங்கள். கடையின் சாமானைக் காக்கப்போய் அடிபட்டவளும் ஏழை, கூண்டில் நின்றவர்களும் சம்பளத்துக்கு நின்றவர்கள். களவு பிடிக்கப் பயிற்சி இல்லாத பிள்ளைகளிடம் அந்த வேலையை ஒப்படைத்து, குறைந்தால் நீதான் பொறுப்பு என்று பயமுறுத்தி வைத்தால், அந்தப் பயம் ஒருநாள் கையை ஓங்கத்தான் செய்யும்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, தன் கண்முன் களவு செய்பவரைப் பிடிக்கத் தனி ஆளுக்கும் இடம் கொடுக்கிறது. ஆனால் பிடித்தவர் தேவையில்லாத தாமதம் இன்றிப் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும். அடிக்கவும், அறையில் பூட்டி மிரட்டவும், படம் எடுத்து முகநூலில் போடவும் எந்தக் காவலாளிக்கும் அதிகாரம் இல்லை. முறை வைத்து நிற்கப்போகும் நம் இளைஞர்களுக்கும் இல்லை. தவறான ஒருவரை அவர்கள் பிடித்துவிட்டால் யார் நீதிமன்றம் போவது? கம்பெனி வக்கீல் வருவாரா?

மூன்றாவது, பொதுப் பணம். கொத்மலையில் மழை பிடித்தால் மண் சரிகிறது. வீதிகளில் பஸ் விபத்து, பாடசாலை வாசல் வரை வந்துவிட்ட போதைப்பொருள், வீட்டுக்குள் அடிபடும் பெண்கள். இதற்கெல்லாம் ஆள் போதாது என்று சொல்லும் நிலையத்திலிருந்து இரண்டு பேரை எடுத்து ஷாம்பு றாக்கைக்குக் காவல் போடுவதா?

'கம்பெனியும் வரி கட்டுகிறதே, பொலிஸ் அதற்கும் உரிமைதானே' என்பார்கள். உரிமைதான். களவு நடந்தால் பொலிஸ் வர வேண்டும், முறைப்பாடு எடுக்க வேண்டும், வழக்குப் போட வேண்டும். நம்ம நாநாவின் கடைக்கும் அதே உரிமை, அதே வேகம். 18 வீத வற் வரியை பில்லில் கட்டுவது நாமும்தான். குற்றத்தை விசாரிப்பது அரசாங்கத்தின் வேலை. சாமானுக்குக் காவல் இருப்பது சாமான்காரரின் வேலை. நிரந்தரமாக வாசலில் ஆள் வேண்டுமானால் காசு கட்டட்டும். இது நாங்கள் கண்டுபிடித்த புதுமை இல்லை. 1861ஆம் ஆண்டின் இந்தியப் பொலிஸ் சட்டத்தின் 13ஆம் பிரிவே, தனி ஆள் கேட்டால் மேலதிக பொலிஸாரைக் கேட்டவர் செலவில் கொடுக்கலாம் என்கிறது. பிரிட்டனில் 2023இல், கூட்டமாகத் திட்டமிட்டுக் களவு செய்பவர்களைப் பிடிக்க பெகாசஸ் என்ற திட்டம் வந்தபோது பெரிய கடைக் கம்பெனிகளே அதற்குப் பணம் போட்டன.

'கம்பெனி தலையில் வைத்தால் அது விலையைக் கூட்டி நம் தலையில் வைக்கும்' என்பது அடுத்த வாதம். களவின் நட்டம் இப்போதே விலைக்குள் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரு வேறுபாடு உண்டு. செலவு தன் பையிலிருந்து போனால்தான் கம்பெனி வழி தேடும். பால்மாவைக் கெஷியர் பக்கத்தில் வைக்கும், இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கும், பயிற்சி பெற்ற காவலாளியை வைக்கும். செலவை ஊழியர் சம்பளத்திலும் பொலிஸ் தலையிலும் தள்ளிவிட முடிந்தால் எதற்காக மாற்ற வேண்டும்? அதோடு, விலையைக் கூட்டினால் நாம் நாநாவின் கடைக்குப் போகலாம். சம்பளத்தில் வெட்டினால் அந்தப் பிள்ளை எங்கே போவாள்?

ஆகவே எங்கள் வேண்டுகோள் இவைதான்.

சிவில் பாதுகாப்புக் குழுவில் இருக்கும் தம்பிமாரே, கடைக் காவலுக்குப் போகாதீர்கள். குழு ஊருக்காக, கம்பெனிக்காக இல்லை.

பெற்றோரே, பிள்ளையின் சம்பளத் துண்டை மாதாமாதம் வாங்கிப் பாருங்கள். களவுக்கென்று பணம் வெட்டியிருந்தால் சும்மா இருக்க வேண்டாம். கடை ஊழியர்களுக்கு 1954 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். கடிதம் எழுத ஆள் இல்லையென்றால் எங்களிடம் வாருங்கள், எழுதித் தருகிறோம்.

கடை நிர்வாகத்தினரே, களவு நடந்தால் பொலிஸை அழையுங்கள். பாடசாலைச் சீருடையைக் கண்டதும் பின்னாலேயே ஆள் அனுப்புவதை நிறுத்துங்கள். தோட்டத்துச் சாரத்தையும் பர்தாவையும் கண்டு பையைச் சோதிப்பதையும் நிறுத்துங்கள். பையை வாசலில் வாங்கி வைப்பதானால் எல்லோருடைய பையையும் வாங்குங்கள், டொக்டருடையதையும் சேர்த்து.

கடைசியாக நம் எல்லோருக்கும். களவு எடுத்ததாகச் சொல்லி ஒருவருடைய படமோ வீடியோவோ வந்தால் அடுத்த குழுவுக்கு அனுப்பாதீர்கள். அதில் இருப்பவர் குற்றவாளியா என்று நீதவான் சொல்லட்டும். அது ஒரு மாணவியாக இருந்தால், வழக்கு முடிந்து பத்து வருடம் கழித்தும் அந்தப் படம் அவள் பின்னால் வரும். கம்பெனிக்குப் போனது ஒரு சொக்லட்டின் விலை. நாம் அனுப்பும் படத்துக்கு அந்தப் பிள்ளை எதைக் கொடுத்துத் தீர்ப்பாள்?

மறுப்பு இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். பெயர், கடை சொல்லி யாரையும் இழுக்க வேண்டாம்.