மணி பார்த்துச் சலம் போங்கள்



திருகோணமலைக் கப்பல்துறையிலிருந்து மஹரகம ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகிற பெண்கள் சிலர், புறப்படும் நாள் மத்தியானத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இரவு பஸ்ஸில் அவசரம் வந்தால் எங்கே இறங்குவது என்ற பயம். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்காகப் பெரிய ஒப்பரேஷன் செய்துகொண்டவர்கள் அவர்கள். உயிர் தப்பியதே பெரிது என்று நினைத்து, சலம் போவதில் உள்ள கஷ்டத்தை டொக்டரிடமும் சொல்வதில்லை, வீட்டிலும் சொல்வதில்லை. இந்தப் பக்கம் அவர்களுக்காக.

அந்தப் பெரிய ஒப்பரேஷன், 1898இல் வியன்னாவில் ஏர்ன்ஸ்ட் வெர்தைம் என்ற டொக்டர் தொடக்கிவைத்த சத்திரசிகிச்சை. கர்ப்பப்பையோடு அதன் இருபக்கத் திசுக்களையும் யோனியின் மேற்பகுதியையும் எடுப்பார்கள். சலப்பைக்குப் போகும் நரம்புகள் அந்தத் திசுக்களுக்குள்ளேதான் ஓடுகின்றன. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயும் கர்ப்பப்பைக் கழுத்துக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் தள்ளித்தான் போகிறது. நரம்பைக் காக்கும் முறைகளை ஜப்பானிய மருத்துவர்கள் வளர்த்தெடுத்தார்கள். ஆனாலும் கைதேர்ந்தவர் செய்தாலும் நரம்பு அடிபடலாம். அது உங்கள் குற்றமல்ல, அம்மா.

நரம்பு அடிபட்டால் சலப்பை நிறைந்ததே தெரியாது. முக்கினால்தான் போகும். போன பிறகும் மிச்சம் தேங்கும், தேங்கினால் கிருமி பிடிக்கும். வார்ட்டில் சலம் போகப் போட்ட ரியூப்பைப் பல நாள் வைத்திருப்பதும், கழற்றிய பிறகு தாதி மிச்சத்தை மில்லிலீற்றர் கணக்கில் அளப்பதும் இதற்காகத்தான். பலருக்குச் சில மாதங்களில் தேறிவிடும். சிலருக்கு வருடக்கணக்கில் நீளும். அவர்களுக்கு மெல்லிய குழாயைத் தாங்களே போட்டு எடுக்கப் பழக்குவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆகவே உணர்வு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பகலில் மூன்று, நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மணி பார்த்துப் போங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். கூடப் போகிற கணவன்மாரே, பிள்ளைகளே, வழியில் ஹபரணையில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி நீங்கள் கேளுங்கள்.

ஒப்பரேஷன் முடிந்து ஓரிரு வாரத்தில் இரவு பகலாகச் சலம் தானாகக் கசிந்தால், அதை உடம்புப் பலவீனம் என்று விட்டுவிடக் கூடாது. உள்ளே துவாரம் விழுந்திருக்கலாம். அதைச் சரிசெய்ய முடியும். நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்க நோவு, சலம் அடியோடு போகாமை, இவற்றில் எது வந்தாலும் மஹரகம கிளினிக் திகதிவரை பொறுக்காமல் அன்றைக்கே திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று. சிங்களம் தெரியாததால், கேட்க நினைத்ததைக் கேட்காமலே திரும்பி வருகிறவர்கள் நம்மில் பலர். கிளினிக்குக்கு முந்திய மூன்று நாளும் எத்தனை மணிக்குச் சலம் போனது, எவ்வளவு போனது, எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று ஒரு கொப்பித் தாளில் எழுதுங்கள். இலக்கங்களை எந்த டொக்டரும் வாசிப்பார். அந்தத் தாளை மறக்காமல் அவர் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்