பொறிகளும் வேற்றுமை உருபுகளும்

சொற்களை நிரல்பட அடுக்குதல் மட்டும் வாக்கியம் ஆகாது. சாத்தன், கொற்றன், பசு, கொடுத்தான் என்றவிடத்துக் கொடுத்தவன் யாவன், கொண்டவன் யாவன் என்பது விளங்காது. 'சாத்தன் கொற்றனுக்குப் பசுவைக் கொடுத்தான்' என உருபுகள் வந்து பொருந்தியவழியே பொருள் தெளிவாகும். தொல்காப்பியர் வேற்றுமைக்கெனத் தனி இயல்கள் வகுத்ததன் அருமை இதனால் உணரப்படும்.

இவ்வுண்மை ஆலைகளை வடிவமைக்குங் கணிப்பொறி மென்பொருளுக்கும் ஒக்கும். அதன்கண் பம்பு, மோட்டார், கலம், வால்வு ஒவ்வொன்றும் எண்ணுடைய பெயர் பெறுகின்றது. பெயரிட்டு, இடங்குறித்து, உருவம் வரைந்த அளவில் வேலை முடிந்ததெனக் கருதுவோர் உளர். அது பெயர்களை அடுக்குதலேயாம். இம்மோட்டார் இப்பம்பை இயக்குகின்றது. இப்பம்பு அப்பம்புக்கு மாற்றாக நிற்கின்றது. இவ்வால்வு இக்கலத்தைக் காக்கின்றது என, உறவின் வகையையும் திசையையும் பதிதல் வேண்டும். பதிந்தாலன்றோ, ஒன்றை நீக்கக் கருதுங்கால் அதனைச் சார்ந்தவை எவையென மென்பொருள் காட்டவியலும்?

நம் காரைக்காலையடுத்த திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்னிலையம் உண்டு. எரிவாயு டர்பைன் வெளிவிடும் வெப்பத்தால் கொதிகலனில் நீராவி உண்டாகி, அந்நீராவி இரண்டாவது டர்பைனைச் சுழற்றுகின்றது. தனித்தனியே எண்ணின் அவை மூன்று பொறிகள். உறவோடு காணின் ஒரே நிலையம்.

உறவு அறுந்ததன் விளைவைப் போபால் கண்டது. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு நச்சுவாயு வெளிப்பட்டபோது, அதனை எரித்தற்குரிய கோபுரம் ஆலையில் நின்றது. ஆனால் அதற்குச் செல்லுங் குழாயின் ஒரு பகுதி பழுதுபார்க்கக் கழற்றப்பட்டிருந்தது. பொறிகளின் பட்டியலில் கோபுரம் உண்டு; உறவுகளின் பட்டியலில் அஃது இல்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

பதிவேடு செம்மையாயிருந்தால் அவ்விபத்து நேர்ந்திராது என யாம் துணியோம். அறிந்துஞ் செயற்படாதாரை எவ்வேடுந் திருத்தாது. எனினும் அறியாமையால் வருங் கேட்டையேனும் ஏடு தடுக்கும்.

இப்பதிவு காலத்தையும் பொருளையும் மிக உண்ணும் என்பாருமுளர். மெய்யே. ஆயினும், வரைந்தவர் ஓய்வுபெற்று நெடுநாட் கழித்து, ஒரு வால்வைக் கழற்றப் புகுந் தொழிலாளி யாரைக் கேட்பான்? அவன் நம் ஊரவனாகவும் இருத்தல் கூடும். ஆதலின், பொறியியல் கற்கும் நண்பர்காள், பெயரோடு நில்லாது உருபையும் எழுதுமின்.